தாளம் தப்பிய பெட்டி

பூட்டை உடைக்கலாமா வேண்டாமா என்று ஆனந்தவள்ளி யோசிக்கவில்லை. யோசிக்கிற கட்டத்தை எல்லாம் அவள் வழியிலேயே தாண்டி வந்திருந்தாள்.

"உடை," என்றாள்.

மீரான் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு இரும்புப் பெட்டியின் கதவைப் பார்த்தான். "அக்கா, சீல் உடைச்சா சட்டப்படி நடவடிக்கைன்னு சிவப்புல எழுதியிருக்கு."

"உனக்குப் படிக்கத் தெரியும்னு எனக்குத் தெரியும். உடை."

"எந்தச் சட்டம்னு போடலை. அதான் கேட்டேன்," என்று சொல்லிக்கொண்டே ஒரே நெம்பில் பூட்டைப் பெயர்த்தான்.

வையம்பட்டிக்கு வெளியே, கடலைக் காட்டுக்கு நடுவில் இருக்கும் சூரிய மின் நிலையத்தின் கொட்டகை அது. ஆனந்தவள்ளி ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த மில்லையும் கவிழ்ந்த லாரியையும் பார்த்து, உண்மையா பித்தலாட்டமா என்று சொல்லிக்கொண்டிருந்தவள். இப்போது திருச்சி புத்தூரில் மருந்துக் கடை மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். மீரான் அவளுடைய உதவியாளன். கார் ஓட்டுவான், பூட்டு உடைப்பான், மற்ற நேரத்தில் அவளிடம் திட்டு வாங்குவான்.

இன்றைக்கு அவள் கோபத்துக்குக் காரணம் உண்டு. ஒரு வாரமாக அவளைத் துவாக்குடிப் பழைய இரும்புக் கடைகளில் வெயிலில் காய வைத்திருந்தார்கள். அனுப்பியவன் இந்த நிலையத்தின் சூப்பர்வைசர் அருள்ராஜ். அவன்தான் இந்த வழக்கையே அவளிடம் கொண்டுவந்தவன். கண் கலங்கி, கைகூப்பி, "என் கீழ வேலை பார்க்கிற பொண்ணு மேடம், தங்கச்சி மாதிரி, எப்படியாவது காப்பாத்துங்க" என்றான். எவனோ பெட்டிக்குள்ளிருந்து உதிரிபாகம் திருடியிருக்கிறான், அது துவாக்குடிக்குத்தான் போயிருக்கும் என்று அடித்துச் சொன்னான். கொட்டகையைப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டபோதெல்லாம், பெட்டியைத் திறந்தால் வாரண்டி போய்விடும் மேடம் என்று மழுப்பினான். ஒரு மனுஷன் செத்துப் போயிருக்கிறான், இவன் வாரண்டியைப் பற்றிப் பேசுகிறான்.

செத்தவர் பக்கத்துக் கிராமத்துத் தங்கையன். கல்குவாரியில் தூசி தின்று நுரையீரல் கெட்டவர். வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்துக்கொண்டுதான் மூச்சு விட்டார். அவசரத்துக்கு ஒரு சிலிண்டர் இருந்தது. ஆனி மாதம் இந்த நிலையத்தைத் திறந்தபோது கம்பெனிக்காரர்கள் மைக் வைத்துச் சொன்னார்கள்: இனி பெரிய லைனே போனாலும் உங்கள் ஊரில் விளக்கு அணையாது. அதை நம்பி அவர் மனைவி பாப்பாயி சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஐப்பசியில் ஒரு மத்தியானம் கருமேகம் கவிந்தது, லைன் ஆடியது, ஊர் முழுக்க மின்சாரம் நின்றது. திரும்பி வந்தபோது தங்கையன் இல்லை.

அன்றைக்குக் கண்ட்ரோல் அறையில் உட்கார்ந்திருந்த பெண் சுபஸ்ரீ. படித்து முடித்த கையோடு சேர்ந்த முதல் வேலை. அவள் அவசரத்தில் தவறான பொத்தானை அமுக்கி, பெட்டிகளை வேறு முறைக்கு மாற்றிவிட்டாள் என்கிறது கம்பெனி. கொடுமை என்னவென்றால், அந்தப் பெண்ணும் அதையே நம்பினாள். அலாரம் அலறியபோது அதை நிறுத்த எதையோ அமுக்கியது நிஜம். நான்தான் கொன்னுட்டேன் என்று சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். தப்பு என்னுடையதுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் வழக்கைச் சின்னதாக்கிவிடலாம் என்று கம்பெனி ஆசை காட்டியிருந்தது. இன்று மாலை புத்தூரில், கம்பெனி வக்கீலின் அறையில் கையெழுத்து. போட்டுவிட்டால் சிறைதான்.

மீரான் கதவைத் திறப்பதற்குள் இன்னொரு முறை விளக்கச் சொன்னான். அந்த மோடு இந்த மோடு என்றால் அவனுக்கு மண்டையில் ஏறவில்லையாம்.

ஆனந்தவள்ளி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். சூரியத் தகடு தருவது ஒரு மாதிரி மின்சாரம், வீட்டுக்கு வேண்டியது வேறு மாதிரி. ஒன்றை மற்றொன்றாக மாற்றுகிற இந்தப் பெட்டிக்குக் கன்வெர்ட்டர் என்று பெயர். அதில் இரண்டு ரகம். சாதா ரகம் பஜனையில் பின்பாட்டுப் பாடுகிறவன் மாதிரி. லைனில் ஓடுகிற தாளத்தைக் கேட்டு அதோடு போகும். லைன் தடுமாறினால் இதுவும் வாயை மூடிக்கொள்ளும். விலை உயர்ந்த ரகம் தானே தாளம் போடும். அனல் நிலையத்தில் சுற்றுகிற ராட்சதச் சக்கரம் தன் வேகத்தாலேயே லைனைக் கொஞ்ச நேரம் தாங்கும். வெயிலுக்கு ஏது சக்கரம்? அந்த வேலையை இந்த இரண்டாவது ரகப் பெட்டிதான், பேட்டரியில் இருப்பதை எடுத்துக் கண்மூடித் திறப்பதற்குள் செய்ய வேண்டும். இங்கே வைத்திருப்பது அந்த ரகம்தான். அதை சுபஸ்ரீ பின்பாட்டு முறைக்கு மாற்றிவிட்டாள் என்பதுதான் குற்றச்சாட்டு.

"இப்ப புரியுது. பாடகரைப் பிடிச்சுக் கோரஸ்ல உட்கார வெச்சுட்டான்னு கேஸ்," என்றான் மீரான்.

கதவு திறந்தது. ஆனந்தவள்ளி டார்ச்சை அடித்தாள். உள்பக்கக் கதவில் வெளிச்சம் விழுந்ததும் கையை அப்படியே நிறுத்தினாள்.

கதவின் உட்புறத்தில் ஒரு நாமம் இருந்தது. வெள்ளையாக இரண்டு கோடு, நடுவில் சிவப்பு, கீழே மூக்குவரை இறங்குகிற மாதிரி பாதம். கொஞ்சம் மங்கியிருந்தது, ஆனால் கை தேர்ந்த ஆள் போட்டது.

அவள் பெட்டியின் வெளிப்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே ஆயுத பூஜைக்குப் பூசிய மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமம். வாசலில் நின்ற காவலாளி அடைக்கலத்தைக் கூப்பிட்டாள். சுபஸ்ரீக்காகக் கொட்டகைச் சாவியைக் கொடுத்தவர் அவர்தான். அவர் நெற்றியிலும் அதே பட்டைதான்.

"உள்ள யாரு போட்டது?"

அடைக்கலம் எட்டிப் பார்த்து விழித்தார். "நாங்க வெளியிலதாம்மா பூசுனோம். வந்த நாள்லேர்ந்து பூட்டு தொறந்ததே இல்லீங்க. நாமம் போட இங்க ஆளு ஏதும்மா?"

மீரான் வாயைத் திறந்தான்.

"நமக்கு நாமம் போட்டுட்டாங்கன்னு சொன்னே, திருச்சி வரைக்கும் நடந்துதான் வரணும்," என்றாள் ஆனந்தவள்ளி. அவன் வாயை மூடிக்கொண்டான்.

மற்ற மூன்று பெட்டிகளையும் உடைக்கச் சொன்னாள். மூன்றிலும் நாமம். வெளியே புதுச் சாம்பல் பெயின்ட், புது நம்பர் தகடு, புது திருகாணி. இவ்வளவு மெனக்கெட்டவன் இதை மட்டும் எப்படி விட்டான் என்று மீரானுக்குப் புரியவில்லை.

"ஒரு துணியை எடுத்து நீ அழி பார்ப்போம்," என்றாள் அவள்.

மீரான் ஓரடி பின்னால் போனான். "என் சாமி இல்லைன்னாலும் எனக்குக் கை வராதுக்கா."

"பெயின்ட் அடிச்சவனுக்கும் வரலை. கம்பெனிக்காரன் எதை வேணும்னாலும் சுரண்டச் சொல்லலாம். பெருமாளைச் சுரண்டுன்னா எவன் செய்வான்?"

விசிறிக்குப் பின்னாலிருந்த வலைத் தட்டை அவள் உருவினாள். அடியில் பொன்னிறமாய், மினுமினுப்பாய்ப் பஞ்சு மாதிரி அடைத்துக் கிடந்தது. விரலில் எடுத்துத் திரித்துப் பார்த்தாள். வாழைநார்த் தூள். கடலையும் முருங்கையும் விளைகிற வறண்ட காட்டில் வாழைநாருக்கு என்ன வேலை? வாழை நிறைய இருக்க வேண்டும், நார் உரிக்கிற ஆலை இருக்க வேண்டும், அங்கே இருப்பவர்கள் பாதம் வைத்த நாமம் போடுகிறவர்களாக இருக்க வேண்டும். ஸ்ரீரங்கத்தை விட்டால் அவளுக்கு வேறு ஊர் தோன்றவில்லை.

ஆக, நல்ல பெட்டியைத் திருடிவிட்டு, எங்கோ கிடந்த பழைய பெட்டிக்கு வேஷம் போட்டு இங்கே வைத்திருக்கிறார்கள். அருள்ராஜ் சொன்ன திருட்டு உண்மைதான் போலிருக்கிறது, இடம்தான் தப்பு. பாவம், அவனைப் போய் மனசுக்குள் அவ்வளவு திட்டினோமே என்று அவளுக்குச் சற்று உறுத்தியது. காரில் ஏறியதும் அவனுக்குப் போன் போட்டாள். தடயம் கிடைத்திருக்கிறது, ஸ்ரீரங்கம் போகிறோம், நாங்கள் வரும்வரை சுபஸ்ரீயைக் கையெழுத்துப் போட விடாதீர்கள் என்றாள். கண்டிப்பா மேடம், ஆனால் துவாக்குடியில் ஒரு கடை பாக்கி இருக்கிறது, அதை முதலில் பார்த்துவிட்டுப் போகலாமே என்றான்.

"துவாக்குடி எங்க இருக்கு, ஸ்ரீரங்கம் எங்க இருக்கு," என்று மீரான் முணுமுணுத்தான். "இந்த மனுஷனுக்குத் துவாக்குடில ஏதாவது நேர்த்திக்கடனா?"

காவிரிப் பாலத்தில் நெரிசலில் நின்ற நேரம் முழுக்க ஆனந்தவள்ளி முன்னால் நின்ற பஸ்ஸைத் திட்டினாள். ஸ்ரீரங்கம் மேலூர் சாலையில் வாழைத்தோப்புகளுக்கு நடுவே விசாரித்ததில் நார் ஆலை சுலபமாக அகப்பட்டது. கூரை முழுக்கச் சூரியத் தகடு. முற்றத்தில் நார் காய்ந்துகொண்டிருந்தது. முதலாளி வேங்கடவரதன், பளிச்சென்று திருமண் இட்ட ஐம்பது வயதுக்காரர், மீரானின் செல்போனில் நாமத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"இது அடியேன் கையால சாத்தினதாச்சே. வெளிப்பக்கம் சாத்தினா நார் அலசற ஜலம் பட்டு அழிஞ்சுடறது. அதனால வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்கு உள்பக்கம்தான். எங்கே இருக்கு இதெல்லாம் இப்போ?"

ஆனந்தவள்ளி அதற்குப் பதில் சொல்லாமல், பெட்டிகள் எப்படிக் கைமாறின என்று கேட்டாள். அவர் ஒளிக்கவில்லை. லைன் கொஞ்சம் ஆடினாலும் அந்தப் பெட்டிகள் படுத்துவிடும், நார் இயந்திரம் பாதியில் நிற்கும். அலுத்துப்போய், தானே தாளம் போடுகிற புது ரகம் வாங்கிக்கொண்டு, பழைய எட்டுப் பெட்டிகளையும் விற்றுவிட்டாராம்.

"எப்ப வித்தீங்க?"

"பங்குனி உத்திரத்தன்னிக்கு. நன்னா ஞாபகம் இருக்கு. பெருமாள் தாயார் சேர்த்தி சேவைக்கு வந்த கூட்டத்துல லாரி வெளியே போக முடியாம சாயங்காலம் வரைக்கும் இங்கேயே நின்னுடுத்து."

ஆனந்தவள்ளிக்குச் சுரீர் என்றது. பங்குனி. நிலையம் திறந்தது ஆனியில். திறப்பதற்கு முன்பே இந்தப் பெட்டிகளை வாங்கியிருக்கிறார்கள். அப்படியென்றால் எதுவும் திருடு போகவில்லை. போவதற்கு அங்கே ஒன்றும் இருந்ததே இல்லை. மாலை போட்டு, ரிப்பன் வெட்டி, மைக்கில் பேசி ஊரை நம்ப வைத்ததெல்லாம் பெயின்ட் அடித்த பழைய பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டுதான். லைன் விழுந்தால் சேர்ந்து விழுகிற பெட்டி. பக்கத்து அறையில் பேட்டரி நிறைய மின்சாரம் இருந்தும் அதை எடுத்துத் தனியாக நிற்கத் தெரியாத பெட்டி. அதை நம்பி ஒருத்தி சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்தாள்.

திறப்பு விழாவில் எடுத்த படம் ஒன்றை சுபஸ்ரீ முன்பே அனுப்பியிருந்தாள். மீரான் அதைத் திறந்து, நடுவில் மாலையோடு நின்ற மேனேஜரைக் காட்டினான். இவர்தானே வந்தார் என்று கேட்டான். வேங்கடவரதன் இல்லை என்று தலையாட்டினார். படத்தைத் தன் பக்கம் இழுத்து, கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, வரிசையின் கடைசியில் பவ்யமாகக் கைகட்டி நின்றவன் மேல் விரலை வைத்தார்.

"இவர்தான். சாதுவா பேசினார். ஒண்ணே ஒண்ணு ரொம்ப அக்கறையா விசாரிச்சார். லைன் இல்லாம இது தனியா நிக்குமான்னு. நிக்காதுன்னேன். பரவாயில்லைன்னுட்டார்."

விரலுக்கு அடியில் இருந்தது அருள்ராஜ்.

ஆனந்தவள்ளி சுபஸ்ரீக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அருள்ராஜுக்குப் போட்டாள். அவன் எடுக்கவில்லை. ஸ்ரீரங்கம் போகிறோம் என்று தன் வாயாலேயே அவனிடம் சொன்னது நினைவுக்கு வந்ததும் கையிலிருந்த போனை அடித்து உடைக்கலாம் போல இருந்தது. மாலையில் போடவேண்டிய கையெழுத்தை இந்நேரம் அவசர அவசரமாகப் போட வைத்துக்கொண்டிருப்பான்.

"ஏன்க்கா? மாட்டிக்கிற ஆளு எதுக்குத் துப்பறியறவங்களைக் கூட்டிட்டு வரணும்?" என்று காரைத் திருப்பிக்கொண்டே மீரான் கேட்டான்.

"அந்தப் பொண்ணு நல்ல வக்கீலாப் பார்த்துடக் கூடாது. உனக்காக ஆள் வெச்சிருக்கேன், நீ நிம்மதியா இரும்மான்னு சொல்லிட்டே இருக்கணும். அதுக்குக் கரண்டைப் பத்தி ஒண்ணும் தெரியாத, மருந்துக் கடை மாடில உட்கார்ந்திருக்கிற பொம்பளை ஒருத்தி வேணும். பார்த்துப் பார்த்து என்னைப் பிடிச்சிருக்கான்."

மீரான் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் புத்தூர் போய்ச் சேர்ந்தான்.

வக்கீலின் அறை அவர்கள் அலுவலகத்துக்கு நாலு கடை தள்ளித்தான் இருந்தது. ஆனந்தவள்ளி கதவைத் தட்டவில்லை. உள்ளே மேஜைக்கு முன்னால் சுபஸ்ரீ, கையில் பேனா. பக்கத்தில் அவள் தோளைத் தொட்டும் தொடாமலும் அருள்ராஜ். சுவரோரம் நாற்காலி நுனியில் பாப்பாயி. மன்னிப்பை ஏற்றுக்கொண்டேன், இனி எனக்குப் புகார் இல்லை என்று கைநாட்டு வைப்பதற்காக அவளையும் காரில் அழைத்து வந்திருந்தார்கள். பாப்பாயி சுபஸ்ரீயின் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை.

"பேனாவைக் கீழ வை," என்றாள் ஆனந்தவள்ளி.

சுபஸ்ரீ நிமிர்ந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. "விடுங்க மேடம். நான் அமுக்கினது உண்மை. மோடு மாறினதை ஸ்கிரீன்ல என் கண்ணால பார்த்தேன்."

"நீ மாத்தினதா சொல்றியே, அந்த மோடு அந்தப் பெட்டியிலேயே கிடையாது. இல்லாததை எப்படிம்மா மாத்துவே? வெளியே பெயின்ட் அடிச்ச மாதிரி ஸ்கிரீனுக்கும் வேஷம் போட்டிருக்காங்க. நீ பார்த்தது படம்."

செல்போனை மேஜையில் வைத்தாள். நாமம், வாழைநார், பங்குனியில் எட்டுப் பெட்டியோடு போன லாரி எல்லாவற்றையும் கோபத்தில் முன்னும் பின்னுமாகச் சொன்னாள். சுபஸ்ரீ இன்ஜினீயரிங் படித்தவள், பெட்டியின் உள்ளே எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். நடுவில் ஒரு படத்தில் நின்றாள். அது வெறும் பின்பாட்டு ரகம் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. பூட்டின பெட்டியைத் தானும் ஒரு நாள்கூடத் திறந்து பார்க்கக் கேட்கவில்லையே என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

அருள்ராஜ் எழுந்தான். "மேடம், உங்களை வெச்சதே நான்தான்—"

"ஆமா. அந்த ஒரு காரியத்தை மட்டும் நீ உருப்படியா செஞ்சிருக்கே."

வக்கீல் தொண்டையைக் கனைத்து, இதெல்லாம் தனக்குத் தெரியாது என்று ஆரம்பித்தார். மீரான் கதவில் சாய்ந்து நின்றுகொண்டு, தெரிந்துகொள்ள இன்னும் நேரம் இருக்கிறது, உட்காருங்கள் சார் என்றான்.

அப்போதுதான் பாப்பாயி வாயைத் திறந்தாள். அவள் கேட்டது சுபஸ்ரீயை. "பாப்பா, நெசப் பெட்டி இருந்திருந்தா அன்னிக்குக் கரண்டு நின்னிருக்காதா?"

"நின்னிருக்காதும்மா."

"அப்ப அவரு?"

பாப்பாயி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து வந்து, தான் கைநாட்டு வைக்க வேண்டிய தாளை எடுத்து நாலாகக் கிழித்தாள். பிறகு சுபஸ்ரீயின் முன்னால் இருந்த தாளைத் திருப்பிப் போட்டு, வெற்றுப் பக்கத்தை அவள் பக்கம் தள்ளினாள்.

"எழுதத் தெரிஞ்சவ நீதான். எம் பேரைப் போட்டு எழுது. மொதல்ல இவன் பேரு, அப்பறம் இவனை அனுப்புனவன் பேரு. ஒருத்தனையும் விடாத."

சுபஸ்ரீ எழுதினாள். இத்தனை நாள் அழுத பெண் இப்போது ஆத்திரத்தில் அழுத்தியதில் பேனா காகிதத்தைக் கிழித்துவிடும் போல இருந்தது. பாதியில் நிறுத்தி அருள்ராஜைப் பார்த்தாள்.

"எட்டுப் பெட்டி வாங்கியிருக்கீங்க சார். நம்மகிட்ட நாலுதான் இருக்கு. மீதி நாலு எந்த ஊர்ல இருக்கு?"

அவன் தரையைப் பார்த்தான். கம்பெனி சொன்னதைத்தான் செய்தேன் என்று முனகினான். வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஆனந்தவள்ளி அவன் சட்டையைப் பிடிக்கப் போனாள். அதற்குள் பாப்பாயி அவன் முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"எந்த ஊர்ல எவ வூட்டுக்காரன் மெசினை நம்பிக் கெடக்கானோ. சொல்லுடா," என்றாள்.

அருள்ராஜ் ஊர்ப் பெயரைச் சொன்னான். மீரான் கார் சாவியோடு படியில் இறங்கி ஓடினான். சுபஸ்ரீ அந்தப் பெயரையும் எழுதினாள்.